பின்னால் நிற்க ஆள் வேண்டாம்

அக்டோபர் 9, வியாழன்

வாசலில் ஒரு பெட்டி, மார்லிஸ் பெயருக்கு. என் மனைவி எதை வாங்கினாலும் பத்து நாள் பேசிவிட்டுத்தான் வாங்குவாள். இதைப் பற்றி மூச்சு விடவில்லை. உள்ளே ஒரு கேமராவும் சின்னத் திரையும். கட்டிலும் அடுப்பும் வைத்த எங்கள் பழைய மோட்டார்ஹோமின் முதுகில் மாட்டினால், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருப்பது டிரைவருக்கு முன்னால் தெரியுமாம். "நீயே மாட்டிக் குடு, ஆயுசு பூரா ஒயர் இழுத்தவன்தானே" என்றாள்.

முப்பது வருடம் ஓடிய வண்டிக்கு இப்போது எதற்குக் கண்? அவள் ஓட்டுவாள், நான் பின்னால் நின்று கை காட்டுவேன். அப்படித்தான் இத்தனை காலமும் போனோம், வந்தோம். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டுமே" என்றாள். சும்மா இருக்க யாராவது கேமரா வாங்குவார்களா?

அக்டோபர் 10, வெள்ளி

மழை. பெட்டியைத் தொடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. யோசித்துப் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

வண்டி கொட்டகையைப் பார்த்து மூக்கை வைத்து நிற்கிறது. ஒரு பக்கம் விறகு அடுக்கு, மறுபக்கம் கிணற்று அறை. வெளியே போக வேண்டுமானால் பின்னால்தான் எடுக்க வேண்டும். மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், முன்னால் போவதில் சூரப்புலி. பின்னால் எடுக்க மட்டும் நான் வேண்டும். அதாவது நான் வரமாட்டேன் என்றால் வண்டி இந்த முற்றத்தைத் தாண்டாது. மூன்று குளிர்காலமாகத் தாண்டவில்லை.

காரணம் இல்லாமலா வரமாட்டேன் என்றேன்? கடைசியாகக் குளிருக்குத் தப்பி அரிசோனா போய்த் திரும்பியபோது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. காற்று என்கிறாள். ஒரு சாமான்கூடக் காணாமல் போகவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம்.

அக்டோபர் 14, செவ்வாய்

கேபிளை மேல் அலமாரிகள் வழியாகப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தேன். அதற்காக ஒவ்வொரு கதவாகத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு கோப்பை. ஒரு தட்டு. கட்டிலில் ஒரே தலையணை. முன்பு எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கும்.

இறங்கி வந்து சாப்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் ஒயரில் கேமராவைச் சேர்த்தேன். இந்த நாட்டில் கறுப்பு ஒயரில்தான் கரண்ட், அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். மார்லிஸை ரிவர்ஸ் போடச் சொன்னேன். திரையில் ஒன்றும் இல்லை. வெறும் நீலம்.

கடைக்காரன் ஓட்டை சாமானைத் தலையில் கட்டியிருக்கிறான். அல்லது பக்கத்துப் பண்ணை டுவெய்ன் இரவல் கொடுத்த குறடு சரியில்லை. டுவெய்ன் இப்போதெல்லாம் அடிக்கடி வேலிப் பக்கம் வந்து நிற்கிறான். எதற்கு?

அக்டோபர் 18, சனி

எதற்கு என்று தெரிந்துவிட்டது. குறடைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டுவெய்னின் லாரியில் கேமரா இருக்கிறதாம். ஒரு மாதமாக மார்லிஸ் அந்த லாரியைத் தேவாலயத்து மைதானத்துக்குக் கொண்டுபோய், வாளிகளை வரிசையாக வைத்து, திரையைப் பார்த்தே பின்னால் எடுத்துப் பழகுகிறாளாம். தையல் கூட்டம் என்று எனக்குச் சொன்ன நாட்களில்!

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான் டுவெய்ன். "வாளியத் தட்டவே மாட்டேங்குது, கெட்டிக்காரப் பொம்பள."

என் மனைவியின் கெட்டிக்காரத்தனத்தை டுவெய்ன் எனக்குச் சொல்கிறான். நல்லா இருக்கு.

அக்டோபர் 19, ஞாயிறு

கேட்டுவிட்டேன். தட்டு, தலையணை, லாரி, எல்லாவற்றையும் கொட்டினேன். என்னை விட்டுப் போகப் பார்க்கிறாயா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உன்ன விட்டுப் போகல நார்பர்ட். இந்தக் குளிர விட்டுப் போறேன். நீ வேணாம்னு சொல்ல வேண்டியதே இல்ல, பின்னால வந்து நிக்காம இருந்தாலே போதும், நான் மூணு வருஷம் இங்கயே கெடந்தேன். இனிமே அது நடக்காது. வந்தா வா. வராட்டி வீட்டப் பாத்துக்க."

வீட்டை யார் பார்ப்பது என்றுதானே நானும் கேட்கிறேன்? 

அக்டோபர் 20, திங்கள்

 சூப் வைத்தாள், குடித்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

சும்மா இருக்க முடியாமல் டெஸ்டரை எடுத்துப் போய் வைத்துப் பார்த்தேன். கறுப்பு ஒயரில் கரண்ட் இல்லை. வீட்டு ஒயரிங்கில்தான் கறுப்பில் கரண்ட். இந்த வண்டியில் கறுப்பு எர்த். ஆயுசு பூரா சுவருக்குள்ளேயே வேலை பார்த்தவன் புத்தி. டெஸ்டரை அன்றைக்கே வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கடைக்காரன் யோக்கியன். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது.

ஒயரை மாற்றவில்லை. டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். ஏன் மாற்றவில்லை? எனக்குத் தெரியாதா என்ன.

அக்டோபர் 22, புதன்

கேமரா தேறுமா என்று கேட்டாள். தேறாது என்றேன். என் முகத்தையே பார்த்தாள். வேறொன்று வாங்க நாளாகும், அதற்குள் பனி விழுந்துவிடும் என்றேன். பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. இவ்வளவு சரளமாக வருகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

முதல் பனி. காலையில் மார்லிஸ் கோட்டுப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தாள். விரல் மடங்கவில்லை. குளிர் வந்தால் அவளுக்கு இப்படித்தான் என்று தெரியும், ஆனால் இத்தனை மோசம் என்று நான் பார்த்ததில்லை. அல்லது பார்க்கவில்லை. நான் பார்ப்பதைக் கண்டதும் பொத்தானை விட்டுவிட்டு, கோட்டைக் கையால் இழுத்துப் பிடித்தபடி வெளியே போய்விட்டாள். என்னைப் போடச் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. பனியில் மல்லாந்து படுத்து ஒயரை மாற்றினேன். ரிவர்ஸ் போட்டதும் திரையில் விறகு அடுக்கு, கிணற்று அறை, எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் எல்லாம் பளிச்சென்று வந்தன. உள்ளே போய், தப்பு என்னுடையது, சரியாகிவிட்டது என்றேன். எப்போது தெரிந்தது என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். தலையை ஆட்டினாள்.

அக்டோபர் 27, திங்கள்

போய்விட்டாள்.

கிளம்பும்போது நான் பின்னால்தான் நின்றேன். படம் சரியாக வருகிறதா என்று பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். திரை முன்னால் இருக்கிறது, பின்னால் நின்று எதைப் பார்ப்பது? வழியை மறித்துத்தான் நின்றேன். பிரேக் விளக்கு எரிந்தபடியே இருந்தது. அவள் ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடியை இறக்கவில்லை. திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது எனக்குத் தெரியும்.

ஒதுங்கினேன். கை தானாக மேலே போனது. வா, வா, இன்னும் வா. அவளுக்கு அது தேவையே இல்லை. விறகையும் தொடாமல் கிணற்று அறையையும் தொடாமல் நேராக வந்து சாலையில் திரும்பினாள்.

அக்டோபர் 29, புதன்

கொட்டகைக் கதவைப் பூட்டினேன். யாருக்காகப் பூட்டுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

போகிற வழியில் ஓக்லஹோமாவிலிருந்து போன். வண்டிகள் தங்கும் முகாமில் ஒரே வீச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினாளாம். கிழவி தனியாக என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விரல் எப்படி என்றேன். உருளைக்கிழங்கு உரித்தேன் என்றாள். வருகிறாயா என்று கேட்கவே இல்லை.

அந்த ஊரில் எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டேன்.

"ஏன்?" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தேகத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

குழாய்களில் இருந்த தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டேன், வீடு உறைந்தாலும் இனி எந்தக் குழாயும் வெடிக்காது, நாளைக் காலை பஸ் ஏறுகிறேன் என்றேன்.  

"வியாழன் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள்.