கடற்கரைக்குத் தைத்த மஞ்சள் சட்டைகள்

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிக்கூடத்துச் சட்டைகளை இன்று முடித்துக் கொடுத்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள், ஏதோ சுற்றுலாவுக்காம். "கூட்டத்துல எங்க புள்ளைங்க தனியா தெரியணும், அதான் இந்தக் கலர்" என்றார் டீச்சர். எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. தைக்கிறவளுக்கு அது எதற்கு?

துணி கொஞ்சம் மிச்சம்.

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். சின்னவளை ஜூனில் அதே பள்ளியில் சேர்க்க வேண்டுமாம். "காதுல மெஷின் போட்டா நல்லாதானே கேக்குது? எத்தனை நாளைக்கு முந்தானையிலயே முடிஞ்சு வெச்சிருப்ப?"

முடிந்துதான் வைப்பேன். மெஷின் கழன்று விழுந்தால்? பேட்டரி தீர்ந்துபோனால்? பின்னால் வண்டி வந்தால் யார் அவளுக்குச் சொல்வது? அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தார்.

மார்ச் 5, வியாழன்

சனிக்கிழமை கடலுக்குப் போகிறோம். பெரியவனின் ஏற்பாடு. வீட்டில் அவனுக்கு வாலு என்றுதான் பெயர். கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் நண்டும் நத்தையும் மாட்டிக்கொண்டு இருக்குமாம். வாளி, கயிறு, என்னுடைய மாவுச் சல்லடை எல்லாம் இப்போதே வாசலில்.

மெஷினைக் கழற்றித்தான் ஆக வேண்டும், உப்புத் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். கழற்றிவிட்டால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் சின்னவளுக்குக் கேட்காது. போகாமல் இருந்தால் என்ன? வாலுவிடம் யார் சொல்வது?



மார்ச் 6, வெள்ளி

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது யோசனை வந்தது. டீச்சர் சொன்னதேதான்! மிச்ச மஞ்சளில் ஆளுக்கொரு சட்டை. மத்தியானத்துக்குள் தைத்துவிட்டேன். "நான் என்ன எலுமிச்சம்பழமா?" என்றான் வாலு. சின்னவள் போட்ட சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

எவ்வளவு தூரத்தில் நின்றாலும் தெரியும். எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று.  எழுதினாலாவது மனசு ஆறுமா?

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடல் பின்வாங்கி, பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரிந்தன. குழிகளில் தண்ணீர் தெளிவாக நின்றது. அவரும் வாலுவும் முட்டி போட்டுத் துழாவினார்கள். நான் சின்னவளின் கையை விடவில்லை. ஒரு சங்கு தானாக நகர்ந்ததும் "அப்பா, வீடு நடக்குது" என்று கத்தினாள். மெஷின் இல்லாதபோது அவள் குரல் அவளுக்கே தெரியாது. உள்ளே இருந்த நண்டு பயந்து ஒளிந்துகொண்டது.

அவர் தண்ணீர் பாட்டில் எடுக்க, நாங்கள் வந்த வேனுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து வாலு வழுக்கி விழுந்தான். முட்டியில் ரத்தம். கைக்குட்டையால் கட்டுப் போட்டேன். கட்டுப் போட இரண்டு கையும் வேண்டுமே. நிமிர்ந்தால் அவளைக் காணோம்.

காணோம் என்று எப்படிச் சொல்ல? கரை முழுக்க மஞ்சள். பாறைகள் முழுக்க மஞ்சள். நான் குனிந்திருந்த நேரத்தில் அந்தப் பள்ளிக்கூடம் சுற்றுலாவுக்கு இங்கேதான் வந்து இறங்கியிருக்கிறது. அத்தனையும் நான் தைத்தது, அதே காலர், அதே பட்டன். ஐயோ, நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

வாலுவை மணலில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். கண்ணில் பட்ட தோளையெல்லாம் பிடித்துத் திருப்பினேன். யார் யார் முகமோ. ஒரு பிள்ளை பயந்து அழுதது. கேட்காது என்று தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அலைப் பக்கம் பார்க்கவே தைரியம் வரவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் டீச்சர் விசில் ஊதினார். நீளமான விசில். மஞ்சள் சட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி, அவரை நோக்கி ஓடின. பாறைகள் காலியாகின.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. குழிக்குள் குனிந்தபடி குந்தியிருந்தது. எதைக் கேட்காது கேட்காது என்று இத்தனை வருஷம் பயந்தேனோ, அதை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன்.

 நான் அவளிடம் போவதற்குள் வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி ஓடி வந்தாள். சின்னவளின் தோளைத் தட்டினாள், ஏதோ சொன்னாள். இவள் தன் காதைத் தொட்டுக் கையை ஆட்டினாள். அந்தப் பெண் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. டீச்சரைக் கையால் காட்டிவிட்டு இவளை இழுத்துக்கொண்டு போனாள். என் மகளும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் வரிசையில் நின்றாள்.

பாய்ந்து போயிருக்க வேண்டும். ஏன் நின்றேன்? தெரியவில்லை.

டீச்சர் எண்ணினார், மறுபடி எண்ணினார். "ஒரு தலை கூடுதே. சட்டை நம்மளது, புள்ளை நம்மளது இல்லையே" என்றார். நான் போய், "சட்டையும் நான் தைச்சதுதான், புள்ளையும் என்னோடதுதான் டீச்சர்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவர் என் மாவுச் சல்லடையிலிருந்த மணலைக் கழுவி வைத்தார். திட்டினால் சண்டையாவது போடலாம்.

மார்ச் 11, புதன்

"என் கையைப் பிடிச்ச அக்கா எங்க?" என்று நச்சரிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்றேன். "நானும்" என்றாள். துணியில் கவனம் இல்லை. ஒரு சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, மொத்தத்தையும் பிரித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

டீச்சர் சீருடைக்குச் சொல்ல வந்தார். அன்றைய கதையைச் சொல்லிச் சிரித்தார். "ஒண்ணு குறைஞ்சாதான் பயம்னு நினைச்சேன், கூடினாலும் உயிர் போகுதுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வகுப்புல மெஷின் கழண்டு விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"மாட்டிவிடுவேன்."

"மாட்டத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க வந்து சொல்லிக் கொடுங்க."

எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சின்னவளை அழைத்து, எப்படி மாட்டுவது என்று அப்போதே காட்டினேன். முதல் தடவை தலைகீழாக மாட்டினார். சின்னவள்தான் திருத்தினாள்.

மே 28, வியாழன்

சீருடைகள் முடிந்தன. எண்ணிக்கையில் ஒன்று கூட்டி வெட்டியிருந்தேன். அவளை ஸ்டூலில் நிற்க வைத்து அளவு சரிபார்த்தேன். வளர்வாள் என்று ஓரத்தில் துணி விட்டிருக்கிறேன்.

தூரத்திலிருந்து தெரியட்டும் என்று காலரில் சிவப்பு நூலால் ஒரு பூ போட நினைத்தேன். ஊசியில் நூலும் கோத்துவிட்டேன். பிறகு ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, அந்தச் சட்டையை மற்றச் சட்டைகளோடு சேர்த்து மடித்தேன்.