இழுக்காமல் இருக்கிறேன், ரூத்து

என் தங்கமே ரூத்து,

பயமாயிருக்கிறது. இப்படியா ஒருத்தி கடிதத்தை ஆரம்பிப்பாள் என்று நீ அங்கே சிரிப்பாய். சிரித்துக்கொள். பல்லி விழுந்தாலும் தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிகிற அக்கா என்று ஊரெல்லாம் என்னைக் கேலி செய்தவள்தானே நீ.

உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. இடது கணுக்காலுக்கு மேலே முதலில் அரித்தது. கொசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் தீப்பட்டதுபோல் எரிந்து கொப்புளம் எழும்பியது. வாளித் தண்ணீரில் காலை வைத்ததும் அது உடைந்து, தையல் நூல் மாதிரி வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. நான் கத்தவில்லை. காலை வாளியிலிருந்து எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதைச் சபைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன் காதில் விழாவிட்டாலும், படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு குடிக்கிற யார் காதிலாவது விழட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கி எழுதுவேன். பொறுத்துக்கொள்.

போன வருஷம் சித்திரை வெயிலில் கூண்டு வண்டியில் புதுச்சத்திரத்துக்குப் போனோமே, அன்று என் மனசில் இருந்ததெல்லாம் பாட்டும் பிரசங்கமும்தான். புடவைக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வேதப்புத்தகத்தோடு, பெண்கள் கூட்டத்துக்கு நடுவே நிற்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் கூடாரம் அடித்த கையோடு, வெள்ளைக்கார டாக்டரம்மா எனக்கு ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்தார். சீழ் பிடித்த கட்டுத்துணிகளை அதில் போட்டுக் கொதிக்கவைத்து அலச வேண்டும். காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான். உனக்குக் கிடைத்தது அதைவிட மோசம், நரம்புச் சிலந்தி.

கிணற்றுத் தண்ணீரோடு உள்ளே போய், ஒரு வருஷம் சத்தமில்லாமல் உடம்புக்குள் வளர்ந்து, கால் வழியாக வெளியே வருகிற புழு. பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் மிச்சம் உள்ளேயே அழுகி, காலும் போகலாம், உயிரும் போகலாம். காலை நனைத்து, வெளியே வந்த நுனியைத் தீப்பெட்டிக் குச்சியில் சுற்றி, அது விடுகிற அளவுக்கு மட்டும் சுற்றி, நிறுத்திக் கட்டுப்போட வேண்டும். மறுநாள் மறுபடியும். இப்படி ஒரு வேலையைச் செய்யத்தான் நான் தையல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தேனா என்று உன்னிடம் முனகினேன். நீ என்ன சொன்னாய்? "தையல்காரிக்கு நூல் சுத்த வராதாக்கா?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

நீ சுற்றும்போது கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்வாய். கண்ணை மூடாமல் என்ன ஜெபம் என்று உபதேசியார் கடிந்துகொண்டபோது, "ஆண்டவர் என்னைப் பாத்துக்குவாருங்க ஐயா, நான் புழுவைப் பாத்துக்கறேன்" என்றாயே. அந்த மனுஷர் அப்புறம் உன் பக்கமே வரவில்லை.

பாவாயி உனக்கு நினைவிருப்பாள். பண்ணையக்காரர் காட்டில் கூலிக்குப் போகிறவள். முழங்காலுக்குக் கீழே புழுவோடு தினமும் கூடாரத்துக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். "இழுத்துப்போடுங்க சின்னம்மிணி, களை வெட்டப் போவோணும்" என்று உன்னிடம் மன்றாடுவாள். நீ அசையவே மாட்டாய். கடைசியில் அது முழுசாக வெளியே வந்த அன்று, தன் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று நம் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அவளுடைய தெருவுக்குள் வெளியாள் யாரும் போவதில்லை. போனாலும் உட்காருவதில்லை. அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்று ஒரு பேச்சே கிடையாது. பாவாயி குடிசைக்குள் போய், சாம்பல் போட்டுத் தேய்த்த சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நீட்டலாமா வேண்டாமா என்று நின்றாள். "எங்கூட்டுத் தண்ணி குடிப்பீங்களாங்க?" என்று கேட்டாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

எங்கே போனாலும் நாலாய் மடித்த துணியில் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. துணி என் கூடையில்தான் இருந்தது. கை கூடைக்குள் போனது. அந்தச் சொம்பின் வாயில் துணியைக் கட்டினால் அவள் என்ன நினைப்பாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சொம்பை வாங்கிக் குடித்தாய். மிச்சத்தை நான் குடித்தேன். அண்ணாந்து கூடக் குடிக்கவில்லை நீ, வாய் வைத்தே குடித்தாய். பாவாயி அழுதாள். அன்று நாம் பண்ணாத பிரசங்கத்தையெல்லாம் பண்ணிவிட்டோம் என்று திரும்பும் வழியில் நான் பெருமைப்பட்டேன்.

இந்த வருஷம் சித்திரையில் உன் பாதத்தில் கொப்புளம் எழும்பியபோதுதான் எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. நீ அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கையாலேயே சுற்றினாய். பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது கட்டுத்துணி கட்டில் கயிற்றில் மாட்டிக்கொண்டது, புழு அறுந்துபோனது, அவ்வளவுதான். யார் மேல் குற்றம் சொல்ல? கால் தொடை வரைக்கும் வீங்கியது. அப்புறம் தாடை இறுகியது. எப்போதும் பேசிக்கொண்டேயிருந்த உன் வாய் மூடிக்கொண்டதை என்னால் பார்க்க முடியவில்லை ரூத்து. இன்னமும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

வடிகட்டியிருக்கலாமோ? நீ குடித்தது சரிதானா? உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

இப்போது என் கால். டாக்டரம்மா சீமைக்கு லீவில் போயிருக்கிறார். கம்பவுண்டர் எட்ட நின்று பார்த்துவிட்டு, கர்த்தர் பெரியவர் என்று சொல்லிவிட்டுப் போனார். கர்த்தர் பெரியவர்தான், குச்சியை யார் பிடிப்பது? நானே சுற்றலாம் என்று உட்கார்ந்தால் என் கை ஆடுகிற ஆட்டத்தில் குச்சி கீழே விழுகிறது. கட்டிலில் படுக்கவும் பயம், இறங்கவும் பயம். இந்த நாமக்கல் வீட்டில் கட்டில் கயிறு முறுகுகிற சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துப்போகிறது.

அந்தச் சமயத்தில்தான் பாவாயி வந்து சேர்ந்தாள். புதுச்சத்திரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"சின்னம்மிணி போயிட்டாங்கன்னு சந்தையில சொன்னாங்க. நம்பலீங்க. நேர்ல பாத்துப்போடலாம்னு வந்தேனுங்க" என்றாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க பெரியம்மிணி, இது எங்க கெணத்துப் புழுதானுங்களா?" என்று கேட்டாள்.

"எத்தனையோ ஊர்ல தண்ணி குடிச்சோம் பாவாயி" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. கூடாரத்துல நீங்க துணி கட்டி வடிச்சுக் குடிச்சதை நான் தெனமும் பாத்தவளுங்க. எங்கூட்டுலதான் சும்மா குடிச்சீங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் கோவிச்சுக்குவேன்னு குடிச்சீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "கோவிச்சுத்தானுங்க இருப்பேன். எங்க தண்ணிக்கு வந்துட்டாங்க பாரு துணி கட்டன்னு சாவுற வரைக்கும் சொல்லியிருப்பேன். இப்ப என்ன பண்றதுங்க நான்? அந்தப் புள்ளைய எங்கே போயிக் கூட்டியாரட்டும்?"

நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம். உன் அடக்கத்தன்று கூட நான் அப்படி அழவில்லை.

அழுது முடித்ததும் கை கழுவிவிட்டு வந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் இழுத்தேன். "எனக்கும் பயந்தானுங்க. பயந்தவ மெதுவா சுத்துவா. சும்மா இருங்க" என்று அதட்டினாள். நீ அவள் காலில் செய்ததைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவள் அல்லவா, நீ நிறுத்துகிற இடத்தில்தான் அவளும் நிறுத்துகிறாள். நம் கொல்லைப்புறத் தாழ்வாரத்திலேயே தங்கிவிட்டாள். கூலி போகிறதே என்றால் காது கேட்காதவள் மாதிரி திரும்பிக்கொள்கிறாள். அவள் இன்னும் நம் சபையில் சேரவில்லை. சேரச் சொல்லி நானும் கேட்கவில்லை. சுற்றத் தொடங்குமுன் உன் பேரைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறாள். உபதேசியார் கேட்டால் என்ன சொல்வாரோ, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

எனக்கு விசுவாசம் வந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். தினமும் காலையில் பாவாயியின் காலடிச் சத்தம் கேட்டதும் போர்வைக்குள் காலை ஒளிக்கிறேன். ஜெபத்தில் பாதிக்கு மேல் வார்த்தை வராமல் நிற்கிறது. ஆனாலும் காலை நீட்டிவிடுகிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்த விசுவாசம் இவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் உன்னிடம் மறைக்க முடியாது. நேற்று மத்தியானம் பாவாயி தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். கட்டு அவிழ்ந்திருந்தது. பாதி உள்ளே, பாதி குச்சியில். ஒரே இழுப்பு, இந்தப் பயமெல்லாம் ஓய்ந்துவிடும் என்று தோன்றியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் தோன்றியது. அறுந்தால் அறுந்துபோகட்டும், நீ போன வழியிலேயே வந்து உன்னைப் பார்த்துவிடலாமே. என் கை குச்சியின்மேல் இருந்தது. புழுவைப் பார்த்து நான் இத்தனை பயப்படவில்லை. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன்.

"பெரியம்மிணி, கால அசைக்காதீங்க, வாரேன்" என்று கொல்லையிலிருந்து பாவாயி குரல் கொடுத்தாள். கையை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆகையால் இதைக் கேட்டுக்கொள். நான் இழுக்க மாட்டேன். இது தானாக வெளியே வருகிற வரைக்கும் கிடப்பேன். புண் ஆறினதும் பாவாயியோடு புதுச்சத்திரம் போவேன். அந்தத் தெருவில் எத்தனை கால்கள் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு சொம்பு வாயிலும் துணி கட்ட வேண்டும், அவர்கள் கோபித்தால் கோபம் ஆறுகிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதெல்லாம் முடிவதற்குள் என் தலை நரைத்துவிடும்.

அதுவரைக்கும் நீ அங்கே தனியாகத்தான் இருக்க வேண்டும், கண்ணே. கோவிலிலும் திருவிழாவிலும் நான்தான் எப்போதும் முன்னால் போய் உனக்கு இடம் பிடித்து வைப்பேன். இந்தத் தடவை நீ எனக்குப் பிடித்து வை. நான் மெதுவாகத்தான் வருவேன்.

நடுங்கிக்கொண்டே காலை நீட்டியிருக்கும்
உன் அக்கா,
ஜெபமணி