ஏழாம் தேதி மாத்திரை

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். உறுதியானது: சேகருக்கு அறுவை சிகிச்சை வியாழன், முதல் கேஸ். சொன்னவர்: இதயப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், போனில், கா. 9.20. எழுத்தில் இன்னும் இல்லை.

11 மணிக்கு அட்மிஷன். ஒரகடம் கூட்டு ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை, நாற்பது நிமிடம் போயிற்று. பின்சீட்டில் தங்கை வாணி, மடியில் பைல். பக்கத்தில் அவள் கணவர் சேகர், கண்ணை மூடியபடி. மூன்று அடைப்பு. அதில் ஒன்று பெரிய குழாயின் வாயிலேயே.

காலிலிருந்து நரம்பு எடுத்து நெஞ்சில் வைத்துத் தைப்பார்கள் என்று இளம் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சேகர்: "காலு நரம்பு மச்சான். இனிமே நெஞ்சு ஓடும்."

கட்டிலிலிருந்து கழிவறை பன்னிரண்டு தப்படி. திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தில் வேர்வை. "வாய்வு. ஒண்ணுமில்ல." இருபத்திரண்டு வருடம் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்.

வாங்க: லுங்கி 2, பிளாஸ்க், சீப்பு. ரத்தம் கொடுக்க ஆள் 3 (குடோனில் இருவர் சரி). செம்பரம்பாக்கம் ஏரி நீர்மட்டம் பற்றிப் பத்திரிகைக்கு நான்கு பத்தி, வார்டு வராந்தாவிலிருந்தே அனுப்பினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். மயக்க மருந்து டாக்டர் வந்தார். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை கடைசியாக எப்போது என்று கேட்டார். அதை ஏழாம் தேதியோடு நிறுத்த வேண்டும், ஐந்து நாள் இடைவெளி வேண்டும் என்பது சீட்டிலேயே இருக்கிறது. வாணி: "ஏழாந்தேதியோட நிப்பாட்டிட்டேன் சார்." எழுதிக்கொண்டு போனார். நானும் எழுதிக்கொண்டேன்.

மதியம் கேன்டீன். தயிர் சாதம், புளிப்பு. போன வாரம் நைட் டூட்டியோடு அவரை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று வாணியிடம் பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம சி ஷிப்டு. காலைல கம்பெனி பஸ்ஸு வுட்டு எறங்கினதும் இட்லி வாங்கியாந்து குடுத்து, மாத்திர குடுத்துட்டுத்தான் படுத்தேன். அதான் கடைசி."

"காலைலன்னா சனிக்கிழமை. எட்டாம் தேதி."

"இன்னாண்ணா நீ, அது ஏழாந்தேதி டூட்டி. பன்ச்சு ஏழுலதானே ஏறும்..."

பாதியில் நின்றுவிட்டாள். செல்போன் பாகங்கள் பூட்டும் லைனில் பதினோரு வருடம். சி ஷிப்ட் விட்டு வீட்டுக்கு வந்து படுக்கும்வரை அவளுக்கு நேற்றைய தேதிதான்.

பையிலிருந்து மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினேன். பத்து மாத்திரை அட்டை. ஒன்றாம் தேதி தொடங்கியது, தினம் காலை ஒன்று. ஏழோடு நின்றிருந்தால் மூன்று மிச்சம் இருக்க வேண்டும். இருந்தது இரண்டு. மறுபடி எண்ணினேன்.

இடைவெளி ஐந்து நாள் இல்லை. நான்கு.

"யாரண்டயும் சொல்லாதண்ணா. சொன்னா தேதிய தள்ளிடுவாங்க. நேத்து நீயே பாத்த இல்ல, செவுத்த புடிச்சிக்கினு நின்னத. அது வரைக்கும் தாங்குமா?"

சொன்னால் காத்திருக்க வேண்டும், அந்த அடைப்போடு. சொல்லாவிட்டால் மேசையில் ரத்தம் நிற்காமல் போகலாம். எது பெரிது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். நாளைக் காலை டாக்டர் ரவுண்ட்ஸ். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

வாணி தயிர் சாதத்தை அப்படியே மூடி வைத்தாள். இன்றே சொல்லியிருக்க வேண்டுமோ. முப்பது வருடமாக அடுத்தவர் தாமதத்தை எழுதுகிறேன்.

நவம்பர் 12, புதன்

மறுபடி மழை. கா. 8.10, அறுவை சிகிச்சை நிபுணர். பின்னால் நான்கு பேர். நான் வாயெடுக்குமுன் வாணி.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன். மாத்திர ஏழு இல்ல, எட்டு."

ஷிப்ட், பஸ், இட்லி, எல்லாம் சொன்னாள். அவர் திட்டவில்லை. "எட்டாம் தேதி காலை எத்தனை மணிக்கு?" இரண்டு முறை கேட்டார். "ஏழே கால் சார்." இரண்டு முறையும் அதேதான்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. தெரியாம நெஞ்சைத் திறந்திருந்தா திண்டாடியிருப்போம்."

நர்ஸ் (திருநெல்வேலிப் பக்கம், நைட் முடிந்து கிளம்பவிருந்தவர்): "எனக்கும் இன்னைக்கு என்ன தேதின்னு தெரியலக்கா. போன்ல பாத்துதான் எழுதுதேன்."

அவர்கள் போனதும் சேகர்: "இன்னாமே, பன்ச்சிங் மிசின வூட்டுக்கே கொணாந்துட்டியா?"

"சிரிக்காத. நெஞ்சு வலிக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மா. 3.40. படுத்திருக்கும்போதே வலி. நடந்தால்தான் இதுவரை வந்திருக்கிறது. இந்த முறை வாய்வு என்று அவர் சொல்லவில்லை, வாணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈ.சி.ஜி., நாக்கின் அடியில் மாத்திரை, டிரிப். 4.15க்குக் குறைந்தது. இனி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது.

மா. 5.30, நிபுணரே மறுபடி வந்தார். அவர் சொன்னது, அப்படியே: நாளை காலை 5 மணிக்கு ரத்தம் எடுத்து, உறையும் சக்தி திரும்பிவிட்டதா என்று பார்ப்பார்கள். திரும்பியிருந்தால் 7.30க்கு உள்ளே. இல்லாவிட்டால் சனிக்கிழமை. நடுவில் மறுபடி வலி வந்தால் காத்திருப்பதில்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுப் பைகளைத் தயாராக வைத்துக்கொண்டு உடனே.

தட்டணு கொடுக்க இன்னும் ஆள் வேண்டும். வாணியின் லைனில் இருவர், "ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றோம்க்கா." ரத்த வங்கியில் மறுத்துவிட்டார்கள், தூங்காதவர்களிடம் எடுப்பதில்லையாம். குடோனுக்குப் போன் செய்திருக்கிறேன்.

சம்மதப் படிவம் வந்தது. நான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். வாணி கையெழுத்துப் போட்டாள். தேதிக் கட்டத்தில் பேனாவை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"இத அவங்களே எழுதிக்கட்டும்ணா."

நிலுவை: பரிசோதனை முடிவு. நாளை, கா. 6.30.