கோபி பொய் சொல்லும் நான்கு விநாடி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கோபிக்குத் தோள் இன்னும் சரியாகவில்லை. கையைத் தூக்கினால் அக்குள் நனைந்த பேப்பர் மாதிரி கசங்குகிறது. கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆளை உருட்டி, எலும்பு போட்டு, நடக்க வைக்க நான்கு மாதம். தொப்பை, மீசை, காக்கிச் சட்டை எல்லாம் வந்தாயிற்று. பேச்சு மட்டும் வரவில்லை.

அனிமேஷன் வகுப்பில் மஞ்சு சார் புதுப் பாடம் கொடுத்தார். பொம்மை பொய் சொல்ல வேண்டும். நான்கு விநாடி. "யாரையாவது பொய் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்துக்கோம்மா ஜெயா. அவங்க கண்ண நோடி, நல்லா பாரு. பொய் வாய்ல இல்ல, கண்லதான் இருக்கு."

சாயங்காலம் என் வீட்டுக்காரரையே நிற்க வைத்தேன். வசனம்: "நேரா ஆபீஸ்லேர்ந்துதான் வரேன்." செந்திலுக்கு நடிப்பே வராது. கல்யாண ஆல்பத்தில்கூட விறைத்துக்கொண்டு நிற்பார். இன்று ஒரே டேக். அச்சு அசல். நான் பின்னாலிருந்த லைட்டை அணைக்கத் திரும்பி, "போதும்" என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல எங்கே கற்றார்?

ஜூலை 8, செவ்வாய்

விநாடிக்கு இருபத்துநான்கு படம். மொத்தம் தொண்ணூற்றாறு. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். போனை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்ததால் கண் போகும் இடம் தெளிவாகத் தெரிகிறது. ஒன்பதாவது படத்தில் பார்வை என் கண்ணைவிட்டு இறங்குகிறது. கொஞ்சம்தான். கடைசிவரை மேலே வரவில்லை.

பழைய வீடியோக்களைத் தேடினேன். தங்கை பையன் பிறந்தநாள், போன மே மாதம்: அதே இறக்கம். மூன்று வருடம் முந்தைய பொங்கல்: நேராகப் பார்க்கிறார். நடுவில் என்னமோ நடந்திருக்கிறது.

ஏழரைக்கு வர வேண்டியவர் ஒன்பது மணிக்கு வந்தார். ஏன் லேட் என்றேன். "நேரா ஆபீஸ்லேர்ந்துதான் வரேன்." அதே வசனம். அதே இறக்கம். முந்தின நாள் சொன்னது என்ற நினைப்பே இல்லை.

ஜூலை 10, வியாழன்

எழுதி வைத்தால் தெளியுமா பார்ப்போம்.

செவ்வாய், வெள்ளி லேட். இரண்டு மாதமாக.
போன் வந்தால் மொட்டைமாடி.
முதுகைக் காட்டி நிற்கும்போது கூப்பிட்டால் பதில் இல்லை. வேண்டுமென்றே.
ஆட்டோவில் எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவார். இதற்கு என்ன அர்த்தம், புரியவில்லை.
எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் பதில். யோசிக்க நேரம் எடுக்கிறார்.

காலையில் மிக்சி ஓடும்போது, "மல்லி இருக்கா பாருங்க" என்றேன். நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறார். ட்யூப்லைட்டுக்குப் பின்னால்வரை தேடுகிறார். மனசு வீட்டிலேயே இல்லை.

வகுப்பில் பக்கத்து சீட் நக்மாவிடம் லேசாகச் சொன்னேன். நீலசந்திரா ஏரியாப் பெண், இருபத்திரண்டு வயது, உலகமே தெரிந்த மாதிரி பேசும். "அக்கா, கோவிச்சுக்காத. எங்க மாமு இப்டித்தான் மாடிக்குப் போய்ப் போய் பேசுவாரு. கடைசில பார்த்தா இன்னொரு குடும்பமே இருந்துச்சு. நாளைக்கு வெள்ளிதானே? பின்னாடியே போய்டு."

கோபி கண்ணை மூடினால் கருவிழி இமையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதை மட்டும் மூன்று மணி நேரம் செய்தேன். சரியாகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வகுப்புக்கு மட்டம். அவர் ஆபீஸ் எதிரே பஸ் ஸ்டாப்பில், குடையை முகத்துக்கு இறக்கி நின்றேன். ஒன்பது வருடக் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலை.

ஆறு மணிக்கு வந்தார். சிவாஜிநகர் பஸ். நான் முன்பக்கம், பெண்கள் கூட்டத்துக்குள். இறங்கித் துணிக்கடைச் சந்துக்குள் நுழைந்து ஒரு பழைய கட்டடத்தின் மாடி ஏறினார். வாசலில் ஏழெட்டு போர்டு. எதையும் படிக்கவில்லை, படிக்கிற நிலையில் இல்லை.

நானும் ஏறினேன். மாடி அறைக் கதவில் சின்னக் கண்ணாடி. உள்ளே ஒரு பெண். முப்பது வயது இருக்கும், பச்சைச் சுடிதார். எதிரெதிரே இரண்டு நாற்காலி, முழங்கால் இடிக்கிற தூரம். அவள் பேசுகிறாள், சத்தம் வரவில்லை. அவர் அவள் உதட்டையே பார்க்கிறார். வேறெங்கும் பார்க்கவில்லை. அப்புறம் ஏதோ சொன்னார். அவள் சிரித்துக் கை தட்டினாள்.

இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் "எல்லிகம்மா?" என்று போகிற இடத்தை இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை ஆஸ்டின் டவுன் என்றேன்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தட்டு வைத்தேன். அவராகவே, "மீட்டிங் இழுத்துருச்சு" என்றார்.

ஜூலை 12, சனி

வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு வகுப்பே தேவலை என்று போனேன். இன்று வாய் அசைவு. ஆளுக்கொரு கைக்கண்ணாடி.

மஞ்சு சார்: "எழுத்துக்கு ஒரு வாய்னு நினைக்காதீங்க. பானா, மானா ரெண்டுக்கும் ஒரே வாய்தான். சத்தத்த எடுத்துட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லிப் பாருங்க."

நக்மா "பாபா, மாமா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைப் பார்த்து "மல்லி" என்றேன். பிறகு "பல்லி." ஒரே வாய். இரண்டும் ஒரே வாய்.

அவர் சுவரில் பல்லியைத் தேடியிருக்கிறார். நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. உதட்டைப் படித்திருக்கிறார்.

வகுப்பு முடிந்ததும் சிவாஜிநகர் போனேன். இந்தத் தடவை போர்டுகளைப் படித்தேன். கண்ணாடிக் கடை, டைப்பிங், அடுத்தது கன்னடத்தில்: காது கேட்காதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி.

அப்படியும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. அவள் ஏன் கை தட்ட வேண்டும்?

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிட்ட பிறகு அவர் எதிரே உட்கார்ந்தேன். குரலை விடாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: அந்தப் பொம்பள யாரு?

"எந்தப் பொம்பள?" என்றார் சத்தமாக.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் பேசவே இல்லையே. முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

வலது காது சுத்தமாகப் போய் ஒன்றரை வருடமாம். இடது பாதி. ஆட்டோவில் வலது பக்கம் உட்காருவது அந்தக் காது என் பக்கம் இருக்கத்தான். மொட்டைமாடிக்குப் போவது போனை முழு சத்தத்தில் வைத்துப் பேசத்தான். அந்தப் பெண் பயிற்சி டீச்சர். சரியாகப் படித்தால் கை தட்டுவாளாம், சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டுகிற மாதிரி.

"எங்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

"போன்ல பேசுற வேலைடீ எனக்கு. கேக்காதவன வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? உங்கிட்ட சொன்னா நிஜமாயிடும்னு இருந்துச்சு."

நான் அவரைப் பின்தொடர்ந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "மழைலயா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 14, திங்கள்

நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. இந்த ஒன்றரை வருடத்தில் அவர் சொன்ன "ம்", "சரி" எல்லாம் எதற்கு?

போட்டோ ஸ்டுடியோவில் ஏழு வருடம் ஆல்பம் போட்டேன். அதை விட்டுவிட்டு இந்தப் படிப்பில் சேரட்டுமா என்று பிப்ரவரியில் கேட்டபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "சரி" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் அம்மாவிடம், நக்மாவிடம், எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: அவர் ஒரே வார்த்தையில் சரின்னுட்டார்.

இன்று நேரே கேட்டேன். "அன்னிக்கு நான் கேட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல. நீ ஏதோ கேக்குறேன்னு தெரிஞ்சுது. நாலு நாள் கழிச்சு நீ ஃபாரம் எடுத்துட்டு வந்தப்பதான் என்னன்னே புரிஞ்சுது. அப்ப உன் மூஞ்சியப் பார்த்துட்டு எப்படி மாத்திச் சொல்றது?"

"கேட்டிருந்தா?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன் ஜெயா. என் வேலை எப்ப போகும்னு தெரியல, உன்னதாவது இருக்கட்டும்னு."

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அழுகையும் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். கோபியை முடித்துக் கொடுத்துவிட்டேன். செந்திலின் தொண்ணூற்றாறு படத்தையும் பார்த்துத்தான் கண்ணை வைத்தேன், அதே இறக்கம். மஞ்சு சார் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "பொய் மாதிரி இல்லம்மா. பயம் மாதிரி இருக்கு. ஆனா மாத்தாத."

நாளைக்கு ஆபீசில் சொல்லப் போகிறாராம். ஹெட்செட் இல்லாத வேலை, மெயில் பார்க்கிற வேலை, ஏதாவது கொடுப்பார்களா என்று கேட்பாராம். கொடுக்கலாம். அனுப்பியும் விடலாம்.

எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "நானும் கூட வரட்டுமா?"

"வேணாம்" என்றார்.

கேட்டுத்தான் சொன்னார்.