ஆறிலிருந்து தொடங்குகிறேன்

பழைய பாடக்குறிப்பு நோட்டை இந்த வாரம் திறந்தேன். மலைக்குளிரில் ஈரமேறிய தாளின் வாடை. ஒரு பக்கத்தில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று மூன்று எண்கள். மூன்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறேன். அதற்குமேல் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. உன் நினைவு வந்துவிட்டது.

எஸ்டேட் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை டியூஷன். பதின்ம எண்ணை இரும எண்ணாக மாற்றும் பாடம். இரண்டால் வகுத்துக்கொண்டே போய், மீதிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, கீழேயிருந்து மேலே வாசிக்க வேண்டும். நான் மேலேயிருந்து கீழே வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் மூன்று எண்களைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். 101, 111, 1001. எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வருபவை. அது எனக்கு உறைக்கவேயில்லை.

மற்றவர்கள் போகும்வரை நீ காத்திருந்தாய்.

"சார், ஆறு போட்டா 011 வருது. அது மூணுதானே? நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல."

உன் கணக்கில் தப்பில்லை. எனக்குக் காது சுட்டது. "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்றேன்.

'நான் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்' என்ற ஒரே வாக்கியத்தை அந்த வாரம் முழுவதும் மனப்பாடம் செய்தேன். பலகை முன் நின்றதும் அது வாயில் வரவில்லை. நீ எழுந்தாய்.

"சார், போன வாரம் நான் மேலேருந்து வாசிச்சிட்டேன். கீழேருந்துதானே வாசிக்கணும்?"

"ஆமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவன், "இவ லோரி மாதிரி ரிவர்ஸ்லயே போவா லா" என்றான். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து எல்லாருக்கும் நீ 'ரிவர்ஸ்'.

கியா பார்ம் சந்தையில் நீ காய்கறிக் கடை போட்ட பிறகு பலமுறை வந்தேன். "இப்ப எந்தப் பக்கமிருந்து சார் வாசிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே முட்டைக்கோஸை நிறுப்பாய். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். முட்டைக்கோஸோடு திரும்பினேன்.

போன மாதம் உன் உடலை எடுத்துச் செல்லும்போதும், "நம்ம ரிவர்ஸ் அக்கா போயிட்டாங்க" என்றுதான் பேசிக்கொண்டார்கள். என் தப்பு உனக்குப் பெயராகிக் கடைசிவரை கூடவே வந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமை பலகையில் ஆறு என்று எழுதித் தொடங்கினேன். 011 என்று தப்பாகவே போட்டேன்.

"ஒரு காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கண்டுபிடித்தது ஒரு மாணவி. எனக்காக அதைத் தன் தப்பு என்று வகுப்பில் சொன்னார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண், "அந்த அக்கா பேரு என்ன சார்?" என்றாள்.

உன் முழுப்பெயரை, உன் அப்பா பெயரோடு சேர்த்துப் பலகையில் எழுதினேன். பாடம் முடிந்து மற்றதையெல்லாம் துடைத்தேன். அதை மட்டும் விட்டுவிட்டு வந்தேன்.