எண்பதில் வரும் நடுக்கம்

என் அக்காவைக் கட்டிய அருமை மாமாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். போன இடத்தில் உங்களுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? இங்கேதான் எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அடுத்த மாதம் உங்களுக்கு வருஷத் திதி. பேப்பரில் உங்கள் படம் போட்டு நாலு வரி போடச் சொன்னாள் அக்கா. நான் சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்காது மாமா. அக்காவிடமே சொல்லிவிட்டேன், நீளமாகத்தான் வரும் என்று.

உங்கள் போர்வீல் பிக்கப் வண்டியை இப்போது அக்காதான் ஓட்டுகிறாள். விடிந்ததும் பந்திங்கில் தேங்காய் ஏற்றி, பாதியைக் கிள்ளானில் இறக்கி, மீதியை பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குக் கொண்டுபோகிறாள். பின்னால் மூட்டை கட்டுவது, இறக்குவது நான். லைசென்ஸ் எடுக்க எனக்கு இன்னும் பயம்தான், சிரிக்காதீர்கள். உங்கள் சீப்பு டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதை எடுக்க விடமாட்டாள்.

அந்தச் சீப்பைப் பார்த்துக்கொண்டே வருவதுதான் இந்த வருஷம் முழுக்க எனக்கு வேலை. வேகம் எழுபதில் ஒன்றும் இருக்காது. எழுபத்தைந்தைத் தாண்டினால் சீப்பு மெல்ல நகர்ந்து பிள்ளையார் காலில் தட்டும். எண்பதில் என் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, முதுகு வழியாக ஏறிப் பல்லுக்கு வரும். பின்னால் தேங்காயெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பெடரல் ஹைவேயில் எங்களுக்கு முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்காரர்கள். ஒருத்தன் முதுகில் பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளை. நான் கதவுக்கு மேலே உள்ள பிடியைப் பிடித்தால் பிரிக்பீல்ட்ஸில்தான் விடுவேன்.

"ஏன்டா, பஸ்ல தொங்குற மாதிரி தொங்கிட்டு வர?" என்பாள் அக்கா.

"காடி ஆடுதுக்கா."

"காடி ஆடல, நீதான் ஆடுற. பயந்தாங்கொள்ளி."

அது நீங்கள் எனக்கு வைத்த பெயர். அவளும் எடுத்துக்கொண்டாள்.

டயர்தான் காரணம் என்றார்கள் டயர் கடையில். முன் டயரைப் பின்னால் போட்டு, பின் டயரை முன்னால் போட்டு, பேலன்ஸிங் செய்து பார்த்தாயிற்று. நடுக்கம் போகவில்லை. போன மாதத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கியரை மாற்றி ரிவர்ஸில் போட்டால் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். யாரோ கீழே படுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டுகிற மாதிரி. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் மாமா. போன வருஷ ஆயுத பூசையிலிருந்தே தெரியும்.

அதற்கு முன்னால் வேறொரு கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரியாது என்று சொன்னால் சிரிப்பார்களே என்று எதைக் கேட்டாலும் "தெரியும்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்கு என்னை நம்பி நீங்கள் வண்டியை எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? வழி தெரியுமாடா என்றீர்கள். தெரியும் மாமா என்றேன். வடக்கே போக வேண்டிய வண்டி தெற்கே செமினியில் போய் நின்றது. மாப்பிள்ளை தாலி கட்டி, ஜனங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் திட்டவில்லை. "செமினியில யாருடா ஒனக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்கா?" என்று ரோடு முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

அதே "தெரியும்"தான் இங்கேயும் வந்து நின்றது.

பூசைக்கு முதல் நாள், கீழே ஏதோ கீச்சென்று கத்துகிறது, கழற்றி கிரீஸ் வைக்கலாம் என்று சாஃப்டை இறக்கினீர்கள். கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகிற அந்த நீளக் குழாய், பல்லோடு பல் பொருந்தி ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற இரண்டு துண்டு. "எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப மாட்டணும். ரெண்டுலயும் ஒரு அடையாளம் வையிடா" என்றீர்கள். பெயின்ட் டப்பா வீட்டுக்குள் இருந்தது. எழுந்து போகச் சோம்பல். பிள்ளையார் பக்கத்திலிருந்த குங்குமத்தை எண்ணெயில் குழைத்து இரண்டு துண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். சாமி அடையாளம், அழியாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பேப்பர் விரித்து வைத்திருந்த சாமான் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆயுத பூசை ஆயிற்றே! ஸ்பேனர், ஜாக்கி, போல்ட்டு, நட்டு, சாஃப்ட்டு, எல்லாவற்றையும் அக்கா கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்திருந்தாள். சாஃப்டில் மட்டும் சுற்றிச் சுற்றி ஏழெட்டுப் பொட்டு.

நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "எதுடா நீ வச்ச மார்க்கு?" என்று கேட்டீர்கள்.

நான் இரண்டு துண்டிலும் ஒவ்வொரு பொட்டைத் தொட்டு, "இதுதான் மாமா" என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

மாட்டி முடித்து எலுமிச்சம்பழம் நசுக்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தீர்கள். "லேசா ஒரு நடுக்கம் இருக்குடா. டயரா இருக்கும்" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை போன் செய்து, "நாளைக்கு வர்றியாடா? அடியில ஒரு சின்ன வேலை இருக்கு, கூட ஒரு கை வேணும்" என்று கேட்டீர்கள். அடியில் என்றதும் பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வராத காய்ச்சல். செவ்வாய்க்கிழமை காலையில், செருப்பு மாட்டக் குனிந்தவர் நீங்கள், நிமிரவில்லை.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்? பட்டறைப் போர்மன் யாராவது அடியில் பார்க்கட்டும் என்று எத்தனையோ தடவை அக்காவிடம் சொன்னேன். டயரைத் தொட விடுவாள். அடியில் விடமாட்டாள். "அவரு கடைசியா கை வச்சு முடுக்குன போல்ட்டு. அத எவனும் கழட்டக் கூடாது." அவளுக்கு அது கோயில் மாதிரி. எனக்கோ அதில்தான் அவளுக்கு எமன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தினமும் அந்த எமனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு வந்தேன், நாமும் கூடவே போய்விட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று.

போன வியாழக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சிக்னலில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து எக்ஸிலரேட்டரை மிதித்தாள். 'டக்' இல்லை மாமா, 'டமார்'! வண்டியே ஒரு தரம் குலுங்கி நின்றது. அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். இருபதிலேயே ஊர்ந்து, சாலாக் செலாத்தானில் செபஸ்தியான் என்கிற போர்மன் கடையில் கொண்டுபோய் விட்டாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த வேதக்கார மனுஷன். நல்ல வாய்.

"ஸ்டேரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?" என்று கேட்டார்.

"சீட்டு" என்றேன்.

"அப்ப முன்னாடி இல்ல. பெடல்லேருந்து காலை எடுத்தா?"

"நடுக்கம் கொஞ்சம் மாறும் அண்ணே."

"நீங்க ஓட்டுறீங்களா?"

"இல்ல, அக்காதான் ஓட்டுது."

"ஓட்டாத ஆளுக்கு இவ்ளோ தெரியுது! உக்காந்தே டிப்ளமா வாங்கிட்டீங்க லா."

வண்டியைத் தூக்கினார். சாஃப்டை ஒரு கையால் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கினார். லொடக் லொடக் என்று ஆடியது. அசையவே கூடாதாம் அது. குழாய் மூட்டில் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு இருக்குமே, அதைச் சுற்றிச் சிவப்பாகப் பொடி. விரலால் தொட்டுக் காட்டினார்.

அக்கா எட்டிப் பார்த்து, "அது நான் வச்ச குங்குமம். பூசைக்கு வச்சது. அப்படியே இருக்கு பாருங்க" என்றாள்.

"குங்குமம் இல்லக்கா. துருப் பொடி. கிரீஸ் செத்துப்போயி, உள்ள இரும்ப இரும்பு தின்னு துப்புது. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தீங்கன்னா சாஃப்ட்டு அந்து ஹைவேல குத்தியிருக்கும். வண்டி குட்டிக்கரணம்தான். பின்னால வர்றவன் கதி?"

அந்தப் பள்ளிக்கூடப் பை என் கண்முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

செபஸ்தியான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு துண்டும் நேரா உக்காரல. ரெண்டு பல்லு தள்ளி மாட்டியிருக்கு. அதான் இந்தத் தின்னு தின்னிருக்கு. எந்த மடையன் மாட்டுனான் இத?" என்றார்.

அக்கா முகம் கறுத்துவிட்டது. "என் வீட்டுக்காரரு மாட்டுனது. பாத்துப் பேசுங்க. இருவது வருஷம் லோரி ஓட்டுன மனுஷன்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கக்கா" என்றார். ஆனால் சொன்னது சொன்னதுதானே? உங்கள் பெயர் அங்கே தரையில் கொட்டிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அக்காவுக்குப் பயந்தேனா, ஹைவேக்குப் பயந்தேனா, உங்களுக்குப் பயந்தேனா, தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, அந்த மடையன் நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வைத்த பொட்டை மட்டும் சொல்லவில்லை. மார்க் அழிந்துபோச்சு, நான் குத்துமதிப்பாகக் காட்டினேன் என்று நிறுத்திக்கொண்டேன். அவள் அந்தச் சிவப்புப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எதுல மார்க் வச்ச?"

நான் தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"குங்குமத்துலயா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப அது தானா அழியலடா. நான்தான் தொடச்சிட்டு மேல என் பொட்டை வச்சுட்டேன்" என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அண்ணே, கழட்டுங்க" என்றாள் போர்மனிடம்.

நான்கு போல்ட்டையும் அவர் கழற்றும்போது அக்கா கையை நீட்டி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். அப்புறம் மண்ணெண்ணெய்த் துணியால் சாஃப்டைத் துடைத்தவர் நின்றுவிட்டார். "யாரோ கோடு போட்டிருக்காங்க பாருங்க."

சேற்றுக்கு அடியில் இரண்டு நீலக் கோடு. ஒரு துண்டில் ஒன்று, மற்றதில் ஒன்று. நேருக்கு நேராக இல்லை, இரண்டு பல் தள்ளி. "சரியான எடம் எதுன்னு கண்டுபுடிச்சு வச்சிருக்காரு லா. இந்தக் கோட்டுக்கு அந்தக் கோடு நேரா வரணும். திருப்பி மாட்டத்தான் செய்யல" என்றார் செபஸ்தியான்.

நீலம். கடைக்காரர் பெயரை மூட்டையில் எழுத நீங்கள் வைத்திருந்த அதே நீலப் பெயின்ட். அந்த டப்பாவை நீங்கள் தவிர வேறு யார் தொட்டார்கள்?

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் குத்துமதிப்பாகத்தான் காட்டினேன் என்று தெரிந்தே என்னை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். திட்டவா கூப்பிட்டீர்கள் மாமா? இல்லை, செமினிக் கதை மாதிரி கிண்டல் செய்துகொண்டே சேர்ந்து மாட்டிவிடலாம் என்றா? காய்ச்சல் என்றபோது, "சரிடா, கஞ்சி குடிச்சிட்டுப் படு" என்றீர்களே, அது பொய் என்றும் தெரிந்ததா?

புது மூட்டு போட்டு, உங்கள் கோட்டுக்குக் கோடு வைத்து மாட்டிக் கொடுத்தார். பழைய போல்ட்டையே போடச் சொன்னாள் அக்கா. பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று போட்டார். பெடரல் ஹைவேயில் ஏறினோம். எழுபது. எழுபத்தைந்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொறந்து பாருடா" என்றாள்.

முள் எண்பதில் நின்றது. உங்கள் சீப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. என் கைதான் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஆடுகிறது மாமா. வண்டியில் நின்ற நடுக்கம் எனக்குள் நிற்கவில்லை. இந்த ஒரு வருஷத்தில் ஏதாவது ஒரு காலையில் அந்தச் சாஃப்ட் விழுந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் எழுந்து போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆயுத பூசை வருகிறது. அக்கா பொட்டு வைப்பாள், வைக்கட்டும். அதற்கு முன்னால் நீலப் பெயின்ட் டப்பாவை நான் எழுந்து போய் எடுத்து வருவேன். அக்கா என்னிடம் எதைக் கேட்டாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் எந்தக் காய்ச்சலிலும் வருவேன். உங்கள் சீப்பைப் பார்த்துச் சொல்கிறேன், இது சத்தியம்.

அக்காவுக்குப் பக்கத்து சீட்டில்,
உங்கள் பயந்தாங்கொள்ளி மச்சினன்,
ராமையா