சரிபார்த்தவர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். நம்பிவிட்டேன், போ.

இங்கே நிலைமை சரியில்லை. துகள்கள் மோதிச் சிதறுவதைப் பதிவுசெய்யும் நம் கருவியை நேற்று முதல்முறையாக மைனஸ் முப்பது டிகிரிக்குக் குளிர்வித்தோம். பன்னிரண்டு சிலிக்கான் தகடுகளில் ஒன்பது விரிசல் விட்டுவிட்டன. தகடுகளை அலுமினியச் சட்டத்தில் ஒட்டிய நம் பசைராணியின் தலையில் பழி மொத்தமும் விழுந்திருக்கிறது. "நான் அளவு பாத்துத்தாம்மா ஒட்டினேன்" என்று அழுதார். இருபதாம் தேதிக் கூட்டத்தில் அவரை வேலையை விட்டே அனுப்பப்போகிறார்கள்.

இன்று, நீ இங்கிருந்தபோது வரைந்த சட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். குளிரில் அலுமினியம் சுருங்குமே, அதற்கு இடமே விடவில்லையேடா! அறை வெப்பத்துக்கான அளவை அப்படியே போட்டிருக்கிறாய். கூட்டத்துக்கு முன் நீயே எழுதிச் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு என்னுடையதுதான். உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கமில்லை. ஆனால் அடுத்த மாதம் இங்கே என் வேலையை நிரந்தரமாக்கப்போகிறார்கள். இப்போது இது வெளியே வந்தால் நடுத்தெருவில்தான் நிற்பேன். கூட்டம் முடியட்டும், திருத்திய வரைபடத்தைச் சத்தமில்லாமல் அனுப்புகிறேன். பசைராணிக்கு வேறு வேலை கிடைக்காதா என்ன?

இன்னொன்று, கோபப்படாதே. வரைபடத்தின் கீழ்மூலையைப் பார்த்தாயா? 'சரிபார்த்தவர்' கட்டத்தில் உன் கையெழுத்து. "நீ போட்ட கணக்க நான் வேற பாக்கணுமாடா?" என்று சிரித்துக்கொண்டே போட்டாய். நான் மாட்டினால் நீயும் மாட்டுவாய்.

உன் தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

பார்த்தேன். உனக்குப் போன கடிதத்தை எழுதும் முன்பே பார்த்துவிட்டேன். அதை எழுதத்தான் கை வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டியதை, தம்பி வரைந்தது என்று ஒரு நிமிடத்தில் முடித்தவள் நான். உன்னைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று கூட்டத்தில் நம் இரண்டு பேர் தப்பையும் சொல்லிவிட்டேன், என்னுடையதை முதலில். சரிபார்க்கும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பசைராணி இன்று வழக்கம்போல் வேலைக்கு வந்தார். நான் பேசப் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தானே.

உன் அலுவலகத்துக்கும் எழுதப்போகிறார்களாம். அதற்கு முன் என் கடிதம் உன் கைக்கு வரட்டும் என்றுதான் அவசர அவசரமாக எழுதுகிறேன். இனி நீ என்னோடு பேசமாட்டாய் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அக்கா